எந்த எக்ஸான் சேரும், எது விலகும்?

கேள்வி: மனிதரிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே என்றும், ஒரே மரபணுவிலிருந்து மூளையில் ஒரு புரதமும் தசையில் வேறொரு புரதமும் உருவாகலாம் என்றும் படித்தேன். ஆர்.என்.ஏ.வில் எதை வெட்டுவது, எதை இணைப்பது என்று செல்லுக்குள் தீர்மானிப்பது எது?

பதில்: தனியொரு மூலக்கூறு அதைத் தீர்மானிப்பதில்லை. மரபணுவிலிருந்து முதலில் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழையில், இறுதி ஆர்.என்.ஏ.வில் இடம்பெறக்கூடிய பகுதிகளான எக்ஸான்களுக்கு நடுவே, அவற்றைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு நீளமான இன்ட்ரான்கள் என்ற இடைப்பகுதிகள் கிடக்கின்றன. இன்ட்ரான்களை நீக்கி எக்ஸான்களை இணைக்கும் ஸ்பிளைசிங் நிகழ்வை 1977-ல் வெளிக்கொணர்ந்ததற்காகவே பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகிய இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டி இணைக்கும் வேலையைச் செய்வது ஸ்பிளைசியோசோம் என்ற பெரிய மூலக்கூறுத் தொகுதி. ஆனால் இன்ட்ரானின் தொடக்கத்தில் ஜி-யு, முடிவில் ஏ-ஜி என அது தேடும் அடையாளங்கள் மிகச் சிறியவை. அதே எழுத்துகள் (ஆர்.என்.ஏ.வின் வேதி அலகுகளைக் குறிப்பவை) இழையெங்கும் தற்செயலாகவும் வருவதால், சரியான இடத்தைக் காட்டித்தர வேறு புரதங்கள் தேவைப்படுகின்றன.

எஸ்.ஆர். புரதங்கள் எக்ஸானில் உள்ள குறுவரிசைகளில் ஒட்டிக்கொண்டு ஸ்பிளைசியோசோமின் உறுப்புகளை அங்கே வரவழைக்கின்றன, எச்.என்.ஆர்.என்.பி. குடும்பப் புரதங்கள் பல இடங்களில் அதைத் தடுக்கின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன, ஆனால் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். நரம்புச் செல்களில் உள்ள நோவா புரதம், ஓர் எக்ஸானை அடுத்துவரும் இன்ட்ரானில் ஒட்டினால் பொதுவாக அந்த எக்ஸான் சேர்கிறது, அதே புரதம் முந்தைய இன்ட்ரானில் ஒட்டினால் விலகுகிறது. புரதத்தின் அளவும் முக்கியம். பி.டி.பி.பி.1 என்ற புரதம் மற்றச் செல்களில் நரம்புக்குரிய பல எக்ஸான்களை அடக்கி வைக்கிறது. செல் நரம்பணுவாக மாறும்போது அது குறைந்துவிட, அந்த எக்ஸான்கள் இடம்பெறத் தொடங்குகின்றன.

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எஸ்.எம்.என்.2 மரபணுவைப் பாருங்கள். தண்டுவடத் தசைநலிவு நோயுள்ளவர்களிடம் எஸ்.எம்.என்.1 மரபணு செயலிழந்திருக்கும். அதன் இரட்டை போன்ற எஸ்.எம்.என்.2 இருந்தும் ஈடுசெய்ய முடிவதில்லை, ஏனெனில் அதன் 7-வது எக்ஸானின் 6-வது எழுத்தில் சி-க்குப் பதிலாக டி உள்ளது. அமினோ அமிலம் எதையும் மாற்றாத இந்த ஒரேயோர் எழுத்து, தூண்டும் எஸ்.ஆர். புரதம் ஒட்டுமிடத்தைக் கெடுப்பதோடு, தடுக்கும் எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 ஒட்டுவதற்கும் வழிசெய்கிறது. விளைவாக, பெரும்பாலான ஆர்.என்.ஏ. படிகளில் அந்த எக்ஸான் விடுபட்டு, விரைவில் சிதையும் குறைப்புரதமே உருவாகிறது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் மருந்து, அடுத்துள்ள இன்ட்ரானில் இதே ஏ1 புரதம் ஒட்டும் ஒரு பகுதியை மூடிவிடுவதால் எக்ஸான் மீண்டும் சேர்கிறது. மரபணு மாறுவதில்லை என்பதால், தொடக்கத் தவணைகள் முடிந்தபின்னும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை அம்மருந்தைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்த வேண்டியிருக்கிறது.