பருக் குழிக்கு லேசர்: கல்யாணத்துக்கு முன் வேண்டாம்

தம்பி, காசிமேட்டில் வெயிலில் வேலை, 40 நாளில் கல்யாணம், கன்னம் முழுக்கப் பருக் குழிகள்; ஒரே முறையில் சரியாக்குவதாகச் சொல்லும் பார்லருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள்.

அவர்கள் சொல்வது ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசராக இருந்தால், அது தோலில் மிக நுண்ணிய துளைகளாகச் சுட்டுப் புண்ணாக்கும். புண் ஆறும்போது உருவாகும் புதிய கொலாஜன் (தோலைத் தாங்கும் புரதம்)தான் குழியை மெல்ல மேலே தூக்குகிறது. முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும், பெரும்பாலும் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். அப்போதும் குழி குறையுமே தவிர, முற்றிலும் மறையாது. முதல் வாரம் முகம் சிவந்து, வீங்கி, பொருக்கு உரியும். நம் மாநிறத் தோலுக்கு உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான்: சுட்ட இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கலாம். துறைமுக வெயில் அதை இன்னும் கூட்டும். மணமேடையில் உங்கள் முகத்தில் குழி இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? கறுப்புத் திட்டு அப்படியல்ல.

பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வந்தாலோ, காயங்கள் தடித்த தழும்பாக மாறும் உடம்பு என்றாலோ மறைக்காமல் சொல்லுங்கள். புதிய பரு இன்னும் வருகிறதென்றால் அதை அடக்குவதுதான் முதல் வேலை. இப்போதைக்குத் தொப்பியும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போதும். வியர்வையில் வழிந்துவிடும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். லேசரை மருத்துவர் பரிந்துரைத்தால், கல்யாணம் முடிந்து மழைக்காலத்தில் தொடங்கலாம்.