சமூகவியல் படிக்கிற மகன் சிரிப்பு மேடைக்குப் போகிறானாம்

அக்கா, மகன் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் சமூகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு மேடை, டிவி என்று போகப்போகிறான், வீட்டில் மூன்று நாளாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, அவனுக்கு நன்றாகத் தெரிந்த நோர்வே நகைச்சுவைக் கலைஞர் ஹரால்ட் ஐயாவையே எடுப்போம். (மரியாதைக்குச் சேர்த்த ஐயா இல்லை, அந்த மனிதரின் குடும்பப் பெயரே அப்படித்தான் காதில் விழும்.)

அவரும் அதே பல்கலைக்கழகத்தில் அதே சமூகவியல்தான் படித்தார். பிறகு நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே.யில் இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் போர்ட் துஃப்தெ யூஹான்சனோடு சேர்ந்து 1995இல் 'லில்லெ லோர்டாக்', 1998 முதல் 'ஓப்பென் போஸ்ட்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சிகளால் ஒரு தலைமுறையையே சிரிக்க வைத்தார். அப்ப படிப்பு வீணா? 2010இல் 'யேர்னவஸ்க்' (மூளைச்சலவை) என்ற ஆவணத் தொடரில், இவ்வளவு சமத்துவமான நோர்வேயில் பெண் பிள்ளைகள் ஏன் இன்னும் குறைவாகவே பொறியியல் பக்கம் போகிறார்கள் என்ற கேள்வியை இங்குள்ள ஆய்வாளர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன பதிலைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு விஞ்ஞானிகளிடம் போனார், நாடே சண்டை பிடித்தது. அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பது வேறு கதை, எனக்கே சில இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் அந்தத் துறை என்ன நம்புகிறது என்று உள்ளே இருந்து தெரிந்தவரால்தான் அப்படிக் குடைய முடியும்.

அதனால் மகனிடம் "நகைச்சுவை சோறு போடாது" என்று தொடங்காதீர்கள், சண்டைதான் வரும். காசுக் கணக்கைக் காட்டுங்கள். அவன் தனியாக அறை எடுத்து இருக்கிறான் என்றீர்கள், அப்படியென்றால் லோனகாசன் என்ற அரசாங்க மாணவர் கடன் நிதி தரும் கடனில் 40 சதவீதம் வரை திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாக மாறும். அதில் 25 சதவீதம் பாடங்களில் சித்தியடைவதற்கு, மிச்சம் 15 சதவீதம் பட்டத்தை முடித்தால் மட்டும்தான். இன்னும் ஒரு வருடம்தானே இருக்கிறது, அந்தப் பணத்தை ஏன் விட வேண்டும்? அப்புறம், சிரிப்புக்காரர் பலர் ஒருவரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் சொந்தப் பதிவில் சுயதொழில் செய்பவர்கள். தனியாகக் காப்புறுதி எடுக்காவிட்டால் சுகமில்லாத முதல் 16 நாளுக்கு ஒரு குரோனரும் வராது, வேலை தருபவர் கட்டும் ஓய்வூதியமும் இல்லை. இதை அவன் யோசித்திருக்கவே மாட்டான்.

மேடையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாணவர்கள் போடும் ரெவ்யூ என்ற சிரிப்பு மேடை நிகழ்ச்சிக்கு எழுதட்டும், பின்னேரங்களில் ஏறட்டும், பகலில் பரீட்சைக்குப் படிக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், அவன் மேடையில் நின்றதை நீங்கள் ஒரு தரமாவது பார்த்தீர்களா? பார்த்துவிட்டு, அடுத்த கிழமை இரண்டு பேருமாக வாருங்கள்.