வாசகர் கேள்வி: கசடு அணையில் எதை அளப்பது?

சிவில் முடித்திருக்கிறேன். சுரங்க டெய்லிங்ஸ் அணைகளைக் கண்காணிக்க ஐந்து நாள் பயிற்சி என்று ஓர் அறிவிப்பு வந்தது. கட்டணம் அதிகம். சேரலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

முதலில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் நாளே கருவிகளின் பட்டியலை விரித்தால் யோசியுங்கள். அணை எந்தெந்த வழியில் உடையும் என்று தொடங்கினால் பணம் கட்டலாம்.

தாதுவை அரைத்து உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் நைசான குழம்புதான் டெய்லிங்ஸ், அதாவது கசடு. அதைத் தேக்கும் கரையை ஒரே தடவையில் கட்டி முடிப்பதில்லை. சுரங்கம் ஓடும்வரை அது உயர்ந்துகொண்டே போகும். உடையும் வழிகளோ சிலதான். நீர் கரைமீது வழியும், அஸ்திவாரம் சறுக்கும், கரைக்குள் மண் அரித்துத் துளை விழும், நனைந்த கசடு பலமிழந்து குழம்பாகி ஓடும். 1994 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்புரூட்டில் 17 பேரைப் பலிகொண்டது முதல் வகை. குளம் கரையை ஒட்டி வந்துவிட்டதா, நீருக்கும் கரை உச்சிக்கும் நடுவே எவ்வளவு உயரம் மிச்சம் என்று தினமும் பார்ப்பதுதான் அதற்கான கண்காணிப்பு. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 2014 ஆகஸ்டில் கனடாவின் மவுண்ட் பாலி சரிந்தது அஸ்திவாரத்திலிருந்த பலவீனமான களிமண் அடுக்கால். அந்த அடுக்கைத் தொடாத கருவி எத்தனை இருந்தும் பயனில்லை.

செய்முறை வகுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அதிர்வுக் கம்பி பீசோமீட்டரை (மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தைக் கம்பியின் அதிர்வால் அளக்கும் கருவி) புதைக்கும் முன் அதன் முனையிலுள்ள நுண்துளை வடிகல்லை நீரில் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றுவது, கால் மணி நேரமாவது விட்டு வெப்பம் நிலைத்தபின் பூஜ்ய அளவு எடுப்பது, அப்போதைய காற்றழுத்தத்தைக் குறிப்பது: இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பிற்பாடு திருத்துவது கஷ்டம். கணக்கையும் நீங்களே போட்டுப் பழகுங்கள். பூஜ்ய அளவு 9000, இன்றைய அளவு 8200, கருவியின் காரணி ஓர் அலகுக்கு 0.1 கிலோபாஸ்கல் என்றால் அழுத்தம் 80 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 8.15 மீட்டர் நீர். காற்றழுத்தம் 3 கிலோபாஸ்கல் மாறினால் 30 சென்டிமீட்டர் பிசகும். மென்பொருள்தான் கணக்குப் போடுகிறதே என்பவர்கள், காரணியைத் தப்பாக உள்ளிட்டிருந்தால் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

எங்கள் அணையில் ஒரு பீசோமீட்டர் ஒரே வாரத்தில் ஒன்றரை மீட்டர் ஏறியது. கருவிக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். சரியா?

சரியில்லை. கோளாறு என்று நிரூபிக்கும்வரை அது உண்மை அளவுதான்.

அன்றைக்கே பதிவுக் கருவியைக் கழற்றிவிட்டு, கையடக்கக் கருவியைக் கேபிளில் நேரடியாக மாட்டிப் படியுங்கள். பிறகு மல்டிமீட்டர். சுருளின் மின்தடை பெரும்பாலும் 150 முதல் 180 ஓம். கேபிளின் தடையையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். முடிவிலி காட்டினால் கேபிள் அறுந்திருக்கிறது; மிகக் குறைவாக இருந்தால் ஷார்ட். இடி மின்னலுக்குப் பிறகு இரண்டுமே சகஜம். வெப்பநிலை அளவு அபத்தமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கருவி நன்றாக இருந்தால் பக்கத்துப் பீசோமீட்டர்கள், மழை, குளத்து மட்டம், அந்த வாரம் கசடு கொட்டிய இடம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரையுங்கள். கசடு கொட்டும் குழாயை அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தாலே அளவு ஏறலாம். அடிவார வடிகாலை மறக்காதீர்கள். அழுத்தமும் வடிகால் ஓட்டமும் சேர்ந்து ஏறினால் குளம் ஏறியிருக்கும். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் வடிகால் அடைபட்டிருக்கும். இது அதிக ஆபத்து. கசிவு நீர் கலங்கி வந்தால் வரைபடமெல்லாம் அப்புறம். உடனே அணைப் பொறியாளருக்குத் தகவல் சொல்லிக் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள்.

ஓட்டத்தை அளக்க, நீர் வழிந்தோட V வடிவில் வெட்டிய 90 பாகை வி-வெட்டுப் பலகை போதும். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். ஆகவே ஸ்கேலைப் பலகையை ஒட்டி வைக்காமல், நீர் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைத்துப் படியுங்கள்.

புருமாடினோவில் எல்லாக் கருவியும் இருந்தும் உடைந்ததே? பிறகு எதற்குக் கண்காணிப்பு?

நியாயமான கேள்வி. பிரேசிலின் அந்த அணை 86 மீட்டர் உயரம். பழைய கசட்டின் மேலேயே உள்நோக்கி ஏறி, 1976-லிருந்து உயர்த்தப்பட்டது. 2016-ல் கசடு கொட்டுவது நின்றுவிட்டது. பீசோமீட்டர், இன்க்ளினோமீட்டர் (கரைக்குள் ஏற்படும் பக்கவாட்டு நகர்வை அளப்பது), ரேடார் எல்லாம் இருந்தன. 2019 ஜனவரி 25 அன்று சில விநாடிகளில் கரை இடிந்து, ஐந்து நிமிடத்துக்குள் 97 லட்சம் கனமீட்டர் வெளியேறியது. 270 பேர் மாண்டார்கள். சுரங்க அலுவலகமும் உணவுக்கூடமும் அணைக்கு நேர் கீழே இருந்தன.

நிபுணர் குழு சொன்ன காரணம் நிலைத் திரவமாதல் (static liquefaction): தளர்வான, நீர் நிறைந்த கசடு தாங்கும்வரை தாங்கி, ஒரே கணத்தில் பலமிழப்பது. முந்தைய ஆண்டில் செயற்கைக்கோள் தரவில் தெரிந்த நகர்வு ஆண்டுக்கு 36 மில்லிமீட்டருக்கும் குறைவு. உடைவதை முன்கூட்டியே காட்டும் அளவு அதுவல்ல. மெதுவாக நெளியும் மண் எச்சரிக்கும். பட்டென்று முறியும் மண் எச்சரிக்காது. இரண்டாவது வகையில் கருவியை நம்பி நாள் கடத்தக்கூடாது; கரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், குளத்தை வடிக்க வேண்டும், முதலில் கீழே இருப்பவர்களை மாற்ற வேண்டும். எந்த அணைக்குக் கண்காணிப்பு போதாது என்று சொல்லத் தெரியாத பயிற்சி அரைப் பயிற்சிதான். 2020 ஆகஸ்டில் வெளியான உலகளாவிய கசடு மேலாண்மைத் தர நெறி இதனால் வந்ததே. அதைப் பாடத்தில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

செயற்கைக்கோள் போதாதா?

போதாது. அது தன் பார்வைக் கோட்டில் நடக்கும் நகர்வைத்தான் காணும். வடக்கு–தெற்காக நகர்ந்தால் ஏறக்குறைய குருடு. ஈரமான கசடும், வாராவாரம் புதுமண் போடும் கரையும் சரியாகப் பதியாது. கரைக்குள் நீரழுத்தம் என்ன என்று சொல்லவும் அதனால் முடியாது.

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001-ல் மூடியாயிற்று. அங்குள்ள சயனைடு மேடுகளை (சயனைடால் தங்கம் எடுத்தபின் கொட்டிய கசடு) இன்னும் பார்க்க வேண்டுமா? – ஒரு தங்கவயல் வாசகர்

வேண்டும், ஆனால் வேறு விதமாக. காய்ந்த மேட்டில் முக்கியமானவை காற்றில் கிளம்பும் தூசியும் மழை அரிக்கும் ஓடைகளும். கனமழைக்கு மறுநாள் அடிவாரத்தைச் சுற்றி நடந்து, புதிதாக வெட்டிய ஓடைகளை அதே இடத்தில் நின்று படம் எடுத்து, ஆழத்தை டேப்பால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மேட்டுக்கு மேலே எங்காவது தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள்.