ஒரு பகுதி பிரிந்து போக வாக்களித்தால் மறுநாளே தனிநாடு ஆகிவிடுமா?

காட்பாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆகாது. வாக்கெடுப்புக்கு மைய அரசு ஒப்புக்கொண்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2014இல் பிரிட்டனின் ஒரு பகுதியான ஸ்காட்லாந்து, லண்டனிலுள்ள மைய அரசோடு ஒப்பந்தம் போட்டு வாக்கெடுப்பு நடத்தியது. 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அப்போதைக்கு முடிந்தது. 2017இல் கட்டலோனியாவில், ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தும் நடத்தினார்கள். பதிவானதில் சுமார் 90 சதவீதம் 'ஆம்'. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. சுதந்திரப் பிரகடனம் வந்த அன்றே மாட்ரிட்டிலுள்ள ஸ்பெயின் மைய அரசு, கட்டலோனிய அரசை நீக்கியது.

ஒப்புதல் இருந்தாலும் வேலை மலைபோல் கிடக்கும். 2019இல் நம் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததற்கே ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் புது ஆட்சியர், எஸ்.பி. எல்லாம் தேவைப்பட்டது. நாடு என்றால் நாணயம், கடனில் பங்கு, ராணுவம், குடியுரிமை என்று ஒவ்வொன்றையும் பேசி முடிக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து அந்தப் புது நாட்டுக்குப் போகும் ஷூ கன்டெய்னருக்குக்கூடப் புது சுங்க விதி வரும்.

என்னை அதிகம் வருத்துவது தெற்கு சூடான். 2011 ஜனவரியில் கிட்டத்தட்ட 99 சதவீதம் 'ஆம்', ஜூலையில் தனிநாடு. எண்ணெய் வயல்கள் பெரும்பாலும் தெற்கே, ஏற்றுமதிக் குழாயோ வடக்கே உள்ள சூடான் வழியே. குழாய்க் கட்டணத் தகராறில் 2012இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். அப்புறம் 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். உகாண்டாவுக்கு மட்டுமே லட்சக்கணக்கானோர் அகதிகளாகப் போனார்கள்.