அந்தக் கட்டைவிரல் யாரோடது?

கேள்வி: அண்ணே, எனக்கு ஊரு பர்மாவுல மோல்மேன், வயசு ஐம்பது, சாமான் கடை வச்சிருக்கேன். 11 வயசுல, கப்பல்ல வேலை பார்த்த சின்ன மாமா சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ஸ்பிட்ஃபயர் ஏரோப்ளேன் கிட் கொண்டாந்தாரு. ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ஒட்டுனோம். பாதியில லீவு முடிஞ்சு போனவரு அப்புறம் ஊருக்கே வரல, இப்ப உயிரோடவும் இல்ல. போன மாசம் அம்மாவோட டிரங்குப் பெட்டியை ஒழிக்கறப்போ அது கெடச்சுது. மாமா அவசரத்துல அழுத்துனதுல எறக்கை மேல கட்டைவிரல் ரேகை பசையோட பதிஞ்சு அசிங்கமா இருக்கு. யூட்யூப்ல அதைத் தேய்ச்சு எடுத்துட்டு புதுசு மாதிரி ஆக்கலாங்கறாங்க. செய்யலாமா? வீட்டுக்காரி சிரிக்கறா. 11 வயசு மகளைக் கூப்பிட்டா போனை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறா. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா?

பதில்: தம்பி, புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உப்புத்தாளைக் கையில எடுக்காத வரைக்கும்.

உங்க கடுதாசியைப் படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது பொறாமைதான். அந்தக் காலத்துல சர்க்கார் கடையில சோப்புக் கட்டிக்கே க்யூ நிக்கணும், மத்ததெல்லாம் மௌங்கோ சரக்கு, அதாவது கள்ளக்கடத்தல் சாமான், தாய்லாந்துலேர்ந்து மியாவடி வழியா உங்க ஊருக்கு வந்து அப்புறம்தான் எங்க ரங்கூனுக்கு வரும், அதுல பொம்மை ஏரோப்ளேனுக்கு எங்க இடம்? தெய்ன்ஜி மார்க்கெட்ல ஒரே ஒரு கடையில ஒரே ஒரு பெட்டி இருந்துச்சு, ஹசேகாவா கம்பெனியோட ஹயபூசா, யுத்த காலத்து ஜப்பான் சண்டை ப்ளேன், நெசத்துல 72ல ஒரு பங்கு சைஸு. மீசை முளைக்கற வயசு எனக்கு, ஆனாலும் ஸ்கூல் விட்டு வர்றப்போ தெனமும் அந்தப் பெட்டியைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது ஒரு 75 சாட் நோட்டு, ஒரு 35 சாட் நோட்டு. ஞாயித்துக்கெழமை போய் வாங்கிடலாம்னு இருந்தேன், 1987 செப்டம்பர் 5ஆந்தேதி சனிக்கெழமை ரேடியோவுல 25, 35, 75 சாட் நோட்டு எதுவும் இனிமே செல்லாதுன்னுட்டாங்க, மாத்திக் குடுக்கறதும் கெடையாது. ஊரே தலையில கைவச்சு உக்காந்திருக்கறப்போ நான் ஏரோப்ளேனுக்காக அழுதேன்னு வெளிய சொல்ல முடியுமா? இப்பத்தான் சொல்றேன்.

கடைக்காரர் ஒரு சைனாக்காரப் பெரியவர், அடுத்த வருஷம் அதைப் பாதி வெலைக்குக் குடுத்தாரு. சாமானெல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் காம்புலேர்ந்து ஒவ்வொண்ணையும் அப்பாவோட பாதி பிளேடால அறுத்து, எங்க ஆயா மொகத்துக்குப் பூசற தனாக்கா கட்டையை அரைக்கற கல்லுல ஓரம் தேய்ச்சு (அதுக்கு வாங்குன அடி தனி), அக்காவோட சில்வர் நெயில் பாலிஷை எடுத்து மொகப்பு மூடிக்குப் பூசி, எல்லாம் ஆச்சு. கடைசியில தண்ணியில ஊற வச்சு ஜப்பான் அடையாளமான சிவப்பு வட்டத்தை எறக்கையில ஒட்டப் போறப்போ ஆயா பார்த்துட்டாங்க. 1941 டிசம்பர் 23ஆந்தேதி ரங்கூன்ல ஜப்பான்காரன் போட்ட முதல் குண்டு விழுந்தப்போ தெருவுல நின்னவங்க அவங்க. வைய்யல, ஒண்ணும் பண்ணல, "அது மட்டும் வேணாம்ப்பா"ன்னாங்க. அந்தப் ப்ளேன் இன்னிக்கும் என் அலமாரியில வட்டம் இல்லாமத்தான் நிக்குது. தெரிஞ்ச பசங்க வந்தா "அங்கிள், இது இன்னும் முடியலியே"ம்பாங்க. முடிஞ்சுருச்சுடா.

இப்ப உங்க எறக்கைக்கு வர்றேன். அந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். அதுக்குன்னு வர்ற பசை நம்ம கோந்து மாதிரி நடுவுல நின்னு ஒட்டாது, ரெண்டு பக்கத்தையும் கரைச்சு ஒண்ணாக்கிடும், கிட்டத்தட்ட வெல்டிங்தான். அந்த ஈரத்துல வெரலை வச்சா ரேகை பிளாஸ்டிக்குலயே எறங்கி எறுகிடும், சோப்புக்கெல்லாம் போகாது, தேய்ச்சாத்தான் போகும். போனா போனதுதான். எல்லாரும் தேய்க்கச் சொல்லுவாங்க, மாடல் கட்டறவங்களுக்கு அந்த ரேகை ஒரு தப்பு, சரிதான். ஆனா எறந்துபோன மனுஷனோட ரேகை, மேடும் பள்ளமுமா, தடவிப் பாக்கற மாதிரி எத்தனை வீட்ல இருக்கு சொல்லுங்க. போட்டோவுலகூட கெடையாது.

அதுக்காக பெட்டியில போட்டுப் பூட்டணும்னும் சொல்லல. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டு மெல்லக் கழுவுங்க. ஒட்டாம மிச்சம் கெடக்கற பழைய ஸ்டிக்கர் தாள் மஞ்சளாப் போயிருந்தா பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வெயில் அடிக்கற ஜன்னல் கண்ணாடியில சில நாள் ஒட்டி வைங்க, மஞ்சள் வெளுத்துடும். ஆனா நேரா தண்ணியில போட்டுடாதீங்க, தூள் தூளாப் போயிடும், முதல்ல ஒரு கோட்டிங் கிளியர் வார்னிஷ் குடுத்து நல்லாக் காயவிடணும். பைலட் மேல இருக்கற கண்ணாடி மூடியை சூப்பர் குளூவுல ஒட்டினீங்கன்னா புகை புடிச்ச மாதிரி ஆயிடும், பள்ளிக்கூடப் பசங்களோட வெள்ளைப் பசையே போதும். உங்க ஊரு மழையில வார்னிஷ், பெயிண்ட் எதையும் தொடாதீங்க, வெளுத்துப் பூத்துரும், மழை முடியறப்போ வர்ற தடின்ஜுட் பண்டிகைக்கு வெளக்கெல்லாம் ஏத்தி முடிச்ச அப்புறம் பார்க்கலாம். யூட்யூப்காரன் பெயிண்ட் ஸ்ப்ரே பண்ண கம்ப்ரஸர் வாங்குங்கறானே, "மீ லாபி"ன்னு தெருவே கத்துனாத்தான் கரண்டு வந்துச்சுன்னு தெரியற ஊர்ல கம்ப்ரஸரை வச்சு என்ன பண்றது, ஒரு நல்ல பிரஷ் போதும்.

மகளைக் கட்டாயப்படுத்தி உக்கார வைக்காதீங்க. நம்ம பைத்தியம் நம்மளோட. ஆனா ஒரு ரெண்டு நிமிஷ வேலைக்கு அவ வேணும்.

அது மாமாவோட வெரல்னு எழுதியிருக்கீங்க, சரியாப் பார்த்தீங்களா? உங்களுதும் 72ல ஒரு பங்கு சைஸுன்னா ஸ்பிட்ஃபயரோட எறக்கை முனைக்கு முனை 15 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும், அதுல ஒரு கப்பல்காரரோட கட்டைவிரல் பதிஞ்சா பாதி எறக்கையை மூடிடாது? பசை காயறதுக்குள்ள அமுக்கிப் பாக்கற அவசரம் பெரியவங்களுக்கு வருமா, 11 வயசுப் பையனுக்கு வருமா? எனக்கு என்னமோ நாப்பது வருஷமா நீங்க மாமா மேல வீண்பழி போட்டுட்டு இருக்கீங்கன்னு தோணுது. போன் சார்ஜ் தீந்த நேரமாப் பார்த்து மகளைக் கூப்பிட்டு அவ கட்டைவிரலை அந்தப் பள்ளத்துல வைக்கச் சொல்லுங்க. சரியாப் பொருந்துச்சா, பெருசா இருந்துச்சான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி.