பௌதிகம் படிக்க ஜேர்மனிக்கு வரலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, களுவாஞ்சிகுடியில் இருந்து நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: உயர்தரத்தில் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம், பௌதிகவியலுக்கு பி, பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி காணாது, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைக்கும் போல இருக்கிறது, ஆனால் ஜேர்மனியில் காசில்லாமல் படிக்கலாம் என்கிறார்கள், வரலாமா, தமிழில் படித்தவளால் சமாளிக்க முடியுமா என்று. நான் கல்லடி. 2012 ஒக்டோபரில் வந்து இங்கேயே பௌதிகத்தில் இளமாணியும் முதுமாணியும் முடித்து, இப்போது வில்லைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுப் பகுதியில் வேலை செய்கிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

காசை முதலில் பேசிவிடுவோம். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை, அது சரி. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 இலிருந்து நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கே படித்தாலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். முடக்கிய கணக்கு என்று ஒன்று திறந்து அதில் 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 படி. நம்முடைய காசுக்கு நாற்பது இலட்சத்தைச் சுற்றி வரும். அது உங்கள் காசுதான், இங்கே வந்த பிறகு மாதாமாதம் உங்கள் கைக்கே வரும். இந்த விபரம் தெரியாமல் என் அப்பா, எல்லாவற்றையும் நான் பார்க்கிறேன் என்று சொன்ன ஒரு முகவரிடம் மூன்று இலட்சம் கொடுத்தார். அவர் செய்தது நானே நிரப்பியிருக்கக்கூடிய இரண்டு படிவங்கள். அந்தக் காசு படுவான்கரையில் இருந்த எங்கள் வயலை ஈடு வைத்து எடுத்த காசு, மீட்க நாலு வருடம் போனது. தயவுசெய்து வயலில் கை வைக்கவிடாதீர்கள்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் வருடத்துக்குக் கணக்குப் போடவும் வேண்டாம். 2024 இலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய விடுகிறார்கள். ஆனால் முதல் வருடப் பௌதிகம் அவ்வளவு நேரத்தை விட்டுவைக்காது.

அடுத்தது மொழி. இளமாணிப் பௌதிகம் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான். அதோடு நம்முடைய உயர்தரத்தோடு வரும் பலரை நேரே எடுக்க மாட்டார்கள், ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பு இரண்டு செமஸ்டர் படித்துப் பரீட்சை எழுத வேண்டும், அதற்குள் போகவே பி1 அல்லது பி2 என்ற இடைநிலை அளவு ஜேர்மன் கேட்பார்கள். கொழும்பில் கோதே நிறுவனம் இருக்கிறது. செலவுதான், இரவு பஸ் ஏறிப் போக வேண்டும், அறை எடுக்க வேண்டும். இருந்தாலும் பி1 ஐ அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். நான் அரைகுறையாக வந்து ஒரு வருடத்தை அதிலேயே விட்டேன்.

தமிழ் மொழிமூலம் என்பதற்குப் பயப்படாதீர்கள். ஆங்கிலத்தில் படித்த பிள்ளையும் இங்கே பூச்சியத்தில் இருந்துதான் தொடங்குகிறது. நான் ஒரு கொப்பியில் மூன்று கோடு போட்டு ஜேர்மன், ஆங்கிலம், தமிழ் என்று எழுதிவந்தேன்: பெஷ்லொய்னிகுங், அக்ஸலரேஷன், ஆர்முடுகல். மூன்றாவது நிரலைப் பார்த்த உடனே விஷயம் விளங்கிவிடும், மற்ற இரண்டும் வெறும் சொல்தான். உந்தம், சடத்துவத் திருப்பம், பாகுமை எல்லாம் நமக்கு நன்றாகவே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நாம் ரியூஷனில் பழகியது விடை இருக்கிற கணக்கு. பத்து வருடப் பாஸ்ட் பேப்பரைச் செய்து முடித்தால் பதினோராவதும் வந்துவிடும். இங்கே முதல் கிழமையே ஒரு பயிற்சித்தாள் தருவார்கள், அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும், பல இடங்களில் மொத்தப் புள்ளியில் பாதியாவது எடுத்தால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். என் முதல் தாளில் கணக்கே இல்லை, எல்லாம் நிறுவுக, நிறுவுக. இருபதுக்கு நாலு. வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை, மூன்று கிழமை தனியே இருந்து முட்டினேன். பிறகுதான் நூலகத்தில் பார்த்தேன், எல்லோருமே மூன்று பேர் நாலு பேராக இருந்து, எனக்கு இது விளங்கவில்லை என்று சத்தமாகச் சொல்லித்தான் செய்கிறார்கள். போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். அந்த மேசைதான் என்னைப் பட்டம் வரை கொண்டுபோனது.

ஆய்வுகூடத்திலும் இதேதான். முதல் பரிசோதனை எளிய ஊசல். நமக்குக் கைவந்தது, செய்து கொடுத்தேன், புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81. உண்மையில் எனக்கு வந்தது 9.74. பாடசாலையில் செய்தது போலவே இரண்டு வாசிப்பைக் கொஞ்சம் திருத்திவிட்டேன். பார்த்தவர் 9.81 ஐக் கவனிக்கவே இல்லை, வழு எங்கே, அதாவது இந்த அளவீடு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற கணக்கு எங்கே என்று கேட்டார். வாசிப்புகளை வரைபில் போட்டுக் காட்டினார், இரண்டு புள்ளி மட்டும் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்பச் செய்யச் சொன்னார். அன்று இரவு அறைக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரியும், மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் பூமி கொஞ்சம் புடைத்திருப்பதாலும் சுழல்வதாலும் மட்டக்களப்பில் அந்தப் பெறுமானம் 9.78 அளவுதான். 9.81 இந்த ஊர்ப் பெறுமானம். நாங்கள் வாவிக்கரையில் இருந்துகொண்டு ஐரோப்பாவின் எண்ணுக்கு நம்முடைய வாசிப்பைத் திருத்தியிருக்கிறோம்! ஒரு மீற்றர் ஊசல் இருபது தரம் ஆடினால் இரண்டு ஊருக்கும் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 0.06 செக்கன், நிறுத்தற்கடிகாரத்தை அமத்தும் விரலின் தாமதமே அதைவிடக் கூட. எது வரை எனக்குத் தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று நேர்மையாக எழுதுவதுதான் வழுக் கணிப்பு. இன்று என் சம்பளமே அதற்குத்தான்.

ஒரு விடுமுறையில் ரயில் ஏறி கெட்டிங்கன் போய் இடுகாட்டில், குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மக்ஸ் போர்னின் கல்லறைக் கல்லைப் பார்த்தேன். இடத்தையும் உந்தத்தையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசத்தைச் சொல்லும் அந்த ஒற்றை வரியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தாயங்களை (மேட்ரிக்ஸ்) பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் என்று நீங்கள் இணைந்த கணிதத்தில் படித்திருப்பீர்கள், அதே விஷயம்தான். கனநேரம் நின்றேன்.

இனி என் முடிவைக் கேட்டால்: வந்தாறுமூலை கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். வீட்டில் இருந்து போய்வரலாம், கடன் இல்லை, அந்த நாலு வருடத்தில் ஜேர்மனும் படிக்கலாம். இங்கே பௌதிக முதுமாணி பல இடங்களில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது, ஆய்வு வேலைக்கும் முதுமாணி வேண்டித்தான் வரும், இங்கே இளமாணியோடு நிறுத்துபவர்கள் குறைவு. கையில் காசும் பி1 உம் இருந்தால் மட்டும் இப்போதே வாருங்கள். குளிர், நாலரை மணிக்கே விழும் இருட்டு, பிட்டுக்கு அரிசிமா தேடுவது எல்லாம் பழகிவிடும், அதை அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டி வளையில் தொங்கவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பத்துத் தரம் அளந்து எழுதுங்கள். நூலின் நீளத்தையும் எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 9.81 வருகிறதா என்று பார்க்க வேண்டாம். பத்து வாசிப்பையும் ஒன்றும் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள், அதிலிருந்தே பேசத் தொடங்குவோம்.