காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

கேள்வி: ஞாயிறுதோறும் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறேன். அவிநாசி சாலையும் திருச்சி சாலையும் அலுத்துவிட்டன, லாரிப் பயம் வேறு. நூறு கிலோமீட்டருக்கு நல்ல வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர்களுக்கு எப்படிச் சொல்வது?
- வாசகர், சிங்காநல்லூர்

பதில்: கோவையில் வழி தேடுகிறவர் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதன் வழியாக மேற்கிலிருந்து காற்று ஓயாமல் வரும். விடியற்காலையில் சற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். அந்த மாதங்களில் காலையில் கிழக்கே சுல்தான்பேட்டை வரை ஜாலியாகப் போய்விட்டால், திரும்பும்போது தொடை கழன்றுவிடும். அதனால் மேற்கே போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாலக்காடு போய் வருவது. உக்கடத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி குனியமுத்தூர், மதுக்கரை, க.க.சாவடி (கந்தேகவுண்டன்சாவடி). அங்கே வாளையார் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு வேலந்தாவளம் பக்கம் திரும்புங்கள். அப்புறம் கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு. மாநிலம் மாறினாலும் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் தமிழிலேயே பேசலாம். வழியெல்லாம் பனையும் வயலும். பாலக்காட்டில் 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை இருக்கிறது, அகழி ஓரம் உட்கார்ந்து இளைப்பாறலாம். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். போய்வர நூறைத் தாண்டிவிடும். மார்கழி, தையில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது கிழக்கே செஞ்சேரிமலைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

புது வழி தேட நான் நம்புவது டவுன் பஸ்ஸை. பஸ் போகும் கிராமச் சாலையில் தார் இருக்கும், டீக்கடை இருக்கும், பஞ்சரானால் ஏறித் திரும்பவும் ஒரு வழி இருக்கும். வீட்டுக்கு வந்து செயற்கைக்கோள் படத்தில் இரண்டு பஸ் ஊர்களுக்கு நடுவே இணைப்புச் சாலை தேடுவேன். சிறுவாணி, நரசீபுரம் பக்கச் சாலைகள் அழகுதான். ஆனால் அங்கே யானை நடமாட்டம் உண்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போகவும்.

நண்பர்களுக்கு, போன வழியைப் பதிந்து வைத்திருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை மட்டும் அனுப்பினால் போதாது. எந்த மாதம், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, எந்தத் திருப்பத்தில் ஏமாறுவோம், எங்கே நாய்கள் துரத்தும் என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். புதிதாக வருகிறவருக்கு அந்த ஜிபிஎக்ஸ் கோப்பைவிட இந்த நாலு வரிதான் உதவும். தோட்டத்துக்காரரிடம் கேட்டு நீங்கள் நுழைந்துபோன வழியாக இருந்தால், அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பும் முன் உங்கள் வீட்டு வாசல் தெரியாதபடி பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கிலோமீட்டரை வெட்டிவிடுங்கள்.